இருபத்தேழாம் கேள்வி

"சரி, தவறு என்று எந்த விடையும் இல்லை"
என்றார் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்தவர்.
அப்படிச் சொல்கிறவர்களிடம்
நான் கொஞ்சம் கவனமாகவே இருப்பேன்.

நாற்பது கேள்வி. நான்கு நிறம்.
டர்பன் துறைமுகத்தில், பேஹெட் சாலையைப் பார்த்த
மனிதவள அலுவலகத்தில்
நூற்றுப் பதினெட்டுப் பேரின் தாள்கள் என் மேசைமேல்.
விடைகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.
ஆட்களை நிறமாக்குவது அதன் வேலை.

சிவப்பு: முன்னால் நடப்பவர்.
மஞ்சள்: நடந்துகொண்டே பேசுபவர்.
நீலம்: எத்தனை அடி என்று எண்ணுபவர்.
பச்சை: பின்னால் வருபவர்.

சிபுசிசோ சிவப்பு. அதைச் சொல்லக் கணினி வேண்டாம்.
கணக்குப் பிரிவு மொத்தமும் நீலம்;
பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்,
ஒரே இடத்தில் ஒரே அடித்தல்.

சுகேந்திரி நாயக்கரின் தாளில்தான் கை நின்றது.
ஏழாம் எண் கிரேன். பதினோரு வருடம்.
ஒரு கட்டத்தையும் அவள் தொடவில்லை.
ஓரங்களில் எழுதியிருந்தாள்,
கடைக்குப் போகுமுன் சீட்டு எழுதுகிற
முனை மழுங்கிய பென்சிலால்.

நான்கு: கூட்டத்தில் நீங்கள் பேசுபவரா, கேட்பவரா?
*யார் கூட்டம் போட்டது?*

பதினொன்று: முடிவெடுப்பது மூளையாலா, மனத்தாலா?
*தென்மேற்குக் காற்று என்றால் முழங்காலால்.
அதற்குத்தான் முதலில் தெரியும்.*

பத்தொன்பது: குழுவோடு ஒத்துப்போவீர்களா?
*முப்பது டன் தொங்கும்போது
கீழே நிற்பவனோடு கண்டிப்பாக.
கேன்டீனில் வாக்குத் தர முடியாது.*

இருபத்தேழு: உங்களுக்குப் பொருந்தும் சொல் எது?
துணிச்சல், கலகலப்பு, துல்லியம், அமைதி.
நான்கையும் அடித்துவிட்டு
ஐந்தாவதாக ஒன்று எழுதி
அதையும் ரப்பரால் அழித்திருந்தாள்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
நீளமான சொல். அவ்வளவுதான் தெரிந்தது.

கணினி காலியிடத்தை ஏற்கவில்லை.
இடைவேளையில் போனில் பிடித்தேன்.
"எதையாவது போடு" என்றாள்.
பின்னால் காற்று கூடாரம்போல் படபடத்தது.
"இங்கேயிருந்து பார்த்தால் எல்லாரும் ஹெல்மெட்தான், தெரியுமா.
மஞ்சள் பொட்டுகள்.
நீ ஒருத்திதான் அடையாளம் தெரிகிறாய்.
பன்னிரண்டேகாலுக்கு ஜன்னலைத் திறந்து
குரங்குக்கு ரொட்டி போடுகிறாய்.
மூன்று வருடமாகப் பார்க்கிறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஜன்னலில் ஒட்டியிருக்கும்
"குரங்குகளுக்கு உணவளிக்காதீர்" என்ற அறிவிப்பு
நானே தட்டச்சு செய்தது.
என் தாளை எல்லோருக்கும் முன்பே நிரப்பியிருந்தேன்,
பச்சை வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து.
பச்சைகளை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

அவளுக்கு "அமைதி" என்று போட்டேன்.
போனை வைத்த கையோடு, யோசிக்காமல்.
அதனால் அவளும் பச்சை ஆனாள்;
பச்சைகளின் பட்டியலில் சேர்ந்து
மனம் திறந்து பேசும் பயிற்சிக்கு
இரண்டு சனிக்கிழமைகளைப் பறிகொடுத்தாள்.
அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வட்ட ஸ்டிக்கர்கள் வந்தன,
அடையாள அட்டையில் ஒட்டிக்கொள்ள.
சிபுசிசோ இரண்டு கேட்டான்.
சுகேந்திரி தன்னுடையதைக்
கிரேன் கண்ணாடியின் கீறல்மேல் ஒட்டிவிட்டதாக
நொகுதுலா வந்து சொன்னாள்.
மழைக்குத் தாங்குகிறதாம்.

என்னுடையது கழுத்தில்தான் தொங்குகிறது.

இன்று பன்னிரண்டேகால்.
குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு அது வந்து
தகரக் கூரையில் உட்கார்ந்தது.
ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைத்துக்கொண்டு
ஜன்னலைத் திறந்தேன்.
தண்ணீரோரம் ஏழாம் கிரேன்
ஒரு பெட்டியைப் பிடித்தபடி
அசையாமல் நின்றது.

அங்கிருந்து இங்கே எத்தனை மீட்டர் இருக்கும்,
கையசைத்தால் தெரியுமா என்று
கணக்குப் போட்டேன்.
போடக் கூடாது.
அது நீலத்தின் வேலை.